அமெரிக்க லத்தீனோ சமூகத்தின் வக்கீல்களும் சட்டப் பேராசிரியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘லத்தீனெக்ஸ்’ என்று யாரைச் சொல்கிறார்கள்?

மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சால்வடோர், கொலம்பியா என்று லத்தீன் அமெரிக்காவில் வேர்கொண்டு, அமெரிக்காவில் வாழ்பவர்களை. 2020 கணக்கெடுப்பின்படி 6.2 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர். இந்தச் சொல் பல்கலைக்கழகங்களிலும் சட்ட இதழ்களிலும் புழங்குகிறது, வீடுகளில் அவ்வளவாகக் கேட்காது. இங்கே ‘லத்தீனோ’ என்றே எழுதுகிறேன்.

இவர்கள் எல்லோரும் பிழைப்பு தேடி எல்லை தாண்டி வந்தவர்கள்தானே?

இல்லை. பலருடைய முன்னோர்கள் எங்கும் போகவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. 1846இல் தொடங்கிய போரில் தோற்ற மெக்சிகோ, 1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தின் மூலம் தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லாம் அப்படிக் கைமாறிய மண். அங்கேயே தங்கிவிட்டவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகலாம் என்று ஒப்பந்தம் சொன்னது.

போர்ட்டோ ரிக்கோவின் கதை வேறு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவை எடுத்துக்கொண்டது. 1917இல் தீவு மக்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் 1901 முதல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தொடர் தீர்ப்புகள், இப்படிப் பிடித்த பிரதேசங்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் முழுமையாகப் பொருந்தாது என்று சொல்லிவைத்தன. போர்ட்டோ ரிக்கோவில் வாழ்பவர் இன்றும் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தால் முடியும்.

ஓர் ஒப்பந்தமும் சில தீர்ப்புகளும் தீர்மானித்த வாழ்க்கை இது. இந்தச் சமூகத்தின் தலைவர்களில் இத்தனை பேர் வக்கீல்களாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் ‘வெள்ளையர்’ என்று படித்தேன். அது எப்படி?

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பிறந்த ஒருவர் குடியுரிமை பெற வேண்டுமானால், வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். 1897இல் ரிக்கார்டோ ரொட்ரிகஸ் என்ற மெக்சிகோக்காரர் டெக்சஸின் சான் அந்தோனியோவில் மனு செய்தார். இவரைப் பார்த்தால் வெள்ளையராகத் தெரியவில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. மெக்சிகோவோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் காட்டி நீதிபதி மனுவை ஏற்றுக்கொண்டார். நிறத்தைப் பற்றிய கேள்வியை அவர் சுற்றிக்கொண்டு போனார் என்பதே உண்மை.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1923இல் பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட் இதே சட்டத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பு வந்தது. பெர்க்லி சட்டப் பேராசிரியர் இயன் ஹேனி லோபஸ், இத்தகைய வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்து, ‘வெள்ளையர்’ என்ற இனத்தையே நீதிமன்றங்கள்தாம் கட்டி எழுப்பின என்று காட்டினார்.

காகிதத்தில் வெள்ளையராக இருந்ததால் மெக்சிகோ வம்சாவளியினருக்குக் கிடைத்த நன்மை கொஞ்சம், வினை அதிகம். பாகுபாடு என்று அவர்கள் புகார் செய்தால், ‘நீங்களும் வெள்ளையர், அவர்களும் வெள்ளையர், இதில் பாகுபாடு எங்கே வந்தது?’ என்று டெக்சஸ் நீதிமன்றங்கள் கையை விரித்துவிடும்.

பள்ளிகளில் பிரித்துவைப்பதை எதிர்த்து அவர்கள் வழக்குப் போட்டது எப்போது?

அதில் பெயர்பெற்றது மெண்டஸ் வழக்கு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்தது. அப்படி அடைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பண்ணையைக் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் கொன்சாலோ மெண்டஸ் குத்தகைக்கு எடுத்தார். அவர் மெக்சிகோவில் பிறந்தவர், மனைவி பெலிசிதாஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வெளுத்த நிறமும் வேறு குடும்பப் பெயரும் கொண்ட உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, மெண்டஸ் பிள்ளைகளை மெக்சிகோப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் போகச் சொன்னார்கள்.

1945இல் ஐந்து தகப்பன்மார் சேர்ந்து நான்கு பள்ளி மாவட்டங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1946இல் வென்றார்கள். 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கம் ஆதரவு மனு தாக்கல் செய்தது. அதை எழுதியவர்களில் தர்குட் மார்ஷலும் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அந்த ஆண்டே பள்ளிப் பிரிவினைக்கு இடம் தந்த கலிபோர்னியச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் ஆளுநர் எர்ல் வாரன் கையெழுத்திட்டார். அவர் பெயர் கீழே மறுபடியும் வரும்.

ஹெர்னாண்டஸ் வழக்கை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பேச வேண்டிய வழக்கு. டெக்சஸின் ஜாக்சன் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், எட்னா என்ற சிற்றூர். அங்கே 1951இல் நடந்த ஒரு கொலைக்காகப் பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. கொலை செய்தாரா இல்லையா என்பது அவருடைய வக்கீல்கள் மேலே கொண்டுபோன கேள்வி அல்ல. அவரை விசாரித்த ஜூரியில், அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழுவில், மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர்கூட ஏன் இல்லை என்பதே கேள்வி.

வாதாடியவர்கள் கஸ் கார்சியா, கார்லோஸ் கதேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் டி ஆண்டா. நால்வரும் மெக்சிகோ அமெரிக்கர்கள். அந்தக் கவுண்டியில் மக்கள்தொகையில் 14 சதவீதம் பேர் லத்தீன் பெயர் கொண்டவர்கள், ஆனால் 25 ஆண்டுகளாக அப்படிப் பெயர் கொண்ட எவரும் ஜூரியில் அமர்ந்ததில்லை. இதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனாலும் டெக்சஸின் வாதம் அசையவில்லை: சம பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் அறிந்தது வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டே வகுப்பை, மெக்சிகோக்காரர் வெள்ளையர், ஜூரியும் வெள்ளையர், ஆகவே குறையொன்றுமில்லை.

இதை உடைக்க வக்கீல்கள் தத்துவம் பேசவில்லை, ஊரைக் காட்டினார்கள். ‘மெக்சிகோக்காரர்களுக்குப் பரிமாறுவதில்லை’ என்று எழுதிவைத்த உணவகம் அங்கே இருந்தது. அண்மைக்காலம் வரை முதல் நான்கு வகுப்புகளுக்குத் தனிப்பள்ளி. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நீதிமன்றக் கட்டடத்துக் கழிப்பறை. ஆண்களுக்கு இரண்டு இருந்தன. ஒன்றில் எழுத்தே இல்லை. மற்றொன்றில் ‘கறுப்பின ஆண்கள்’ என்று ஆங்கிலத்திலும், அதன்கீழே ‘ஆண்கள் இங்கே’ என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. வெள்ளையர் என்று சட்டம் சொன்னவர்களை அந்தக் கட்டடமே எங்கே அனுப்பியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1954 ஜனவரியில் வாஷிங்டனில் வாதம் நடந்தது. உச்ச நீதிமன்றத்தின்முன் மெக்சிகோ அமெரிக்க வக்கீல்கள் வாதாடியது அதுவே முதல் முறை. மே 3இல் ஒருமனதான தீர்ப்பு வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதியாகிவிட்ட அதே எர்ல் வாரன். 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூரர்களில் இந்த வகுப்பைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லாதது வெறும் தற்செயல் என்றால் நம்பமுடியவில்லை என்று எழுதினார். ஓர் ஊர் ஒரு கூட்டத்தைத் தனி வகுப்பாக நடத்துகிறது என்று நிரூபித்தால், நிறம் எதுவானாலும் பாதுகாப்பு உண்டு என்றானது.

ஹெர்னாண்டஸுக்கு மறுவிசாரணை கிடைத்தது, மறுபடியும் தண்டனையே கிடைத்தது. கதேனா சட்டப் பேராசிரியராகவும் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியாகவும் ஆனார். டி ஆண்டா கூட்டரசு நீதிபதியானார். கஸ் கார்சியா பத்தே ஆண்டுகளில், 1964இல், நொடிந்துபோன நிலையில் இறந்தார்.

அப்படியென்றால் இந்த வழக்கு ஏன் பலருக்கும் தெரியவில்லை?

சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 17இல், பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற அந்தப் பெருந்தீர்ப்பின் நிழலில் இது மறைந்துபோனது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்க ஆளில்லை என்பது இன்னொரு காரணம். பாடத்தைத் தீர்மானிக்கும் நாற்காலிகளில் அப்போது லத்தீனோக்கள் அநேகமாக இல்லை.

மீட்டெடுத்தது பிற்காலத்துப் பேராசிரியர்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஒலிவாஸ், வழக்கின் ஐம்பதாம் ஆண்டையொட்டி அறிஞர்களைக் கூட்டி, கட்டுரைகளை 2006இல் நூலாகத் தொகுத்தார். தலைப்பில் அந்தக் கழிப்பறைப் பலகையின் வாசகத்தையே வைத்தார். நீதிமன்றத்தில் வக்கீல்கள் வென்றது வகுப்பறைக்குள் நுழைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இந்தச் சமூகத்தின் சட்டப் புலமையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இந்த இடைவெளிதான்.

லத்தீனோ சட்டப் பேராசிரியர்கள் அவ்வளவு குறைவா?

நாட்டு மக்களில் 19 சதவீதமாக இருப்பவர்கள் வக்கீல்களில் 5, 6 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். பேராசிரியர் நிலை இன்னும் மோசமாக இருந்தது.

அதற்கு ஒலிவாஸ் கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. லத்தீனோ ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத சட்டக் கல்லூரிகளைத் தேர்ந்து, ‘அழுக்கு டஜன்’ என்று பெயரிட்டுப் பட்டியலாக வெளியிட்டார். கெஞ்சலும் இல்லை, வழக்கும் இல்லை, ஊரறியச் சந்தி சிரிக்கவைப்பதுதான். பட்டியலில் தன் கல்லூரியின் பெயரைப் பார்க்க எந்த டீனுக்குத்தான் ஆசை? அதே ஒலிவாஸ் 2011இல் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சங்கத்தின் தலைவரானார். 2022இல் காலமானார்.

டீன் பதவிகள் மெல்லத்தான் வந்தன. 2008இல் கெவின் ஜான்சன் கலிபோர்னியாவின் டேவிஸிலும், 2010இல் ரேச்சல் மோரான் லாஸ் ஏஞ்சலஸிலும் சட்டப் பள்ளிகளின் தலைமைக்கு வந்தார்கள்.

‘லாட்கிரிட்’ என்று ஒரு சிந்தனைப் பள்ளி இருக்கிறதாமே?

ஆம். சட்டம் நடுநிலையானதா, அது யாருடைய கண்ணால் உலகைப் பார்க்கிறது என்று லத்தீனோ வாழ்க்கையை முன்வைத்துக் கேட்கும் ஆய்வு மரபு. 1995இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்த ஒரு கூட்டத்தில் பெயர் பிறந்தது, அடுத்த ஆண்டு முதல் மாநாடு நடந்தது. பிரான்சிஸ்கோ வால்டெஸ், எலிசபெத் இக்லேசியாஸ், பெர்த்தா ஹெர்னாண்டஸ் துருயோல், மார்கரெட் மொன்டோயா ஆகியோர் முன்னோடிகள். அமெரிக்க இனச் சிக்கலைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே கட்டத்தில் அடைக்கும் பழக்கத்தை 1997இல் ஹுவான் பெரேயா ஒரு கட்டுரையில் பிரித்து மேய்ந்தார். டெக்சஸ் 1954இல் வைத்த வாதமும் அதே இரண்டு கட்டம்தான்.

மொன்டோயாவின் 1994 கட்டுரையைச் சொல்லாமல் விட முடியாது. ஹார்வர்டில் குற்றவியல் வகுப்பு. சிசு இறந்த ஒரு வழக்கு பாடமாக வருகிறது, குற்றம் சாட்டப்பட்டவர் சாவெஸ் என்ற இளம்பெண். பிறந்த குழந்தை சட்டப்படி எப்போது ‘மனிதர்’ ஆகிறது என்று வகுப்பு விரிவாக அலசுகிறது. அந்தப் பெண் ஏழை, மெக்சிகோ அமெரிக்கர், கழிப்பறையில் தனியே பிள்ளை பெற்றவள் என்பதை யாரும் எடுப்பதே இல்லை. அதை எடுத்துப் பேசிய மாணவியின் தடுமாற்றத்தை, ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து மொன்டோயா எழுதினார். சட்ட ஆய்விதழில் இப்படியும் எழுதலாமா என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. ஒருவரின் அனுபவக் கதை ஆய்வுக்குச் சான்றாகுமா என்ற கேள்வி நியாயமானது, அது இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வகுப்பு எதைப் பார்க்கத் தவறியது என்பதை வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கு நடத்தும் அமைப்புகள் எவை?

மால்டெஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெக்சிகோ அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு நிதியம் 1968இல் சான் அந்தோனியோவில், ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு 1972இல் நியூயார்க்கில் இதேபோன்ற நிதியம் வந்தது, இன்று அது லத்தீனோ ஜஸ்டிஸ். கலிபோர்னியாவின் கிராமப்புறச் சட்ட உதவி மையம் 1966இலிருந்து பண்ணைத் தொழிலாளர்களுக்கு வாதாடுகிறது. நாள் முழுக்க முதுகை வளைத்தே வேலைசெய்ய வைத்த குட்டைப்பிடிக் களைக்கொட்டை 1975இல் ஒழித்தது அவர்கள் நடத்திய வழக்குதான்.

தோல்வியும் உண்டு. பணக்காரப் பகுதிக்கும் ஏழைப் பகுதிக்கும் பள்ளி நிதியில் இருந்த மலை மடு வேறுபாட்டை எதிர்த்துச் சான் அந்தோனியோப் பெற்றோர் போட்ட ரொட்ரிகஸ் வழக்கு, 1973இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றது. மால்டெஃப் அதே பிரச்சினையை டெக்சஸ் மாநில அரசியலமைப்பின்கீழ் மறுபடி எழுப்பி, 1989இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றது.

பெரிய வெற்றி 1982இன் பிளைலர் வழக்கு. குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைகளிடம் டெக்சஸின் டைலர் நகரப் பள்ளிகள் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டன. நாடுகடத்தப்படுவோம் என்ற பயத்தோடு பெற்றோர் நீதிமன்றம் ஏறினார்கள். யாரும் பார்க்காதபடி விடியற்காலையிலேயே விசாரணை வைக்கப்பட்டது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்று 5க்கு 4 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அப்போது மால்டெஃபை நடத்தியவர் வில்மா மார்ட்டினஸ், பின்னாளில் அர்ஜென்டினாவுக்கு அமெரிக்கத் தூதர். ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சோனியா சோட்டோமயோரின் பங்கு என்ன?

2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் லத்தீனா, அதாவது லத்தீனோப் பெண். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்தவர். ‘முதல்’ என்ற பட்டத்தைவிட, அவர் வந்த வழியைத்தான் நான் கவனிப்பேன். யேல் சட்டப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது அவர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, போர்ட்டோ ரிக்கோ மாநிலமானால் அதன் கடலடி வளத்தில் யாருக்கு உரிமை என்பதைப் பற்றியது. வழிகாட்டியாக இருந்தவர் ஹொசே கப்ரானெஸ், தானே போர்ட்டோ ரிக்கோக் குடியுரிமை வரலாற்றை ஆராய்ந்தவர், பின்னர் கூட்டரசு நீதிபதி. 1980 முதல் 1992 வரை போர்ட்டோ ரிக்கோ நிதியத்தின் இயக்குநர் குழுவிலும் சோட்டோமயோர் இருந்தார்.

அவரைச் சிக்கவைத்ததும் ஒரு லத்தீனோ சட்ட இதழில் வந்த உரைதான். 2001இல் பெர்க்லியில் பேசும்போது, அனுபவ வளம் கொண்ட அறிவார்ந்த ஒரு லத்தீனா, அந்த வாழ்க்கையை வாழாத வெள்ளை ஆணைவிடச் சிறந்த முடிவை எட்டக்கூடும் என்று நம்புவதாகச் சொன்னார். எட்டு ஆண்டு கழித்து செனட் விசாரணையில் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு குடைந்தெடுத்தார்கள். சொல்லழகுக்காகச் சொன்னது, சரியாக விழவில்லை என்று சமாளித்தார். 68க்கு 31 என்று நியமனம் நிறைவேறியது. முழு உரையையும் படித்தால், நீதிபதியின் பின்னணி தீர்ப்பில் கலக்கத்தான் செய்கிறது, அதை அறிந்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே அதன் போக்கு.

எல்லோரும் ஒரே அரசியல் பக்கமா?

இல்லவே இல்லை. ஹோண்டுராஸில் பிறந்த மிகேல் எஸ்ட்ராடாவை 2001இல் அதிபர் புஷ் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சியினர் வாக்கெடுப்புக்கே விடவில்லை. மால்டெஃபும் போர்ட்டோ ரிக்கோ நிதியமும் அவரை எதிர்த்தன. 2003இல் அவர் விலகிக்கொண்டார். 2005இல் முதல் லத்தீனோ அட்டர்னி ஜெனரலாக வந்த அல்பர்டோ கோன்சாலஸும் குடியரசுக் கட்சி ஆட்சியில் வந்தவர்தான். நம் ஆள் என்பதற்காக ஆதரிப்பதா, கொள்கையைப் பார்ப்பதா என்ற சண்டை அங்கேயும் உண்டு.

மக்கள் வாக்களித்தே ஒரு நீதிபதியை நீக்கினார்களாமே?

குரூஸ் ரெய்னோசோவைச் சொல்கிறீர்கள். பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் ஒருவர். மேலே சொன்ன கிராமப்புறச் சட்ட உதவி மையத்தை நடத்தியவர். 1982இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனோ நீதிபதியானார். அங்கே நீதிபதிகள் தொடர வேண்டுமா என்று வாக்காளர்கள் தீர்மானிப்பார்கள். 1986இல் மரண தண்டனை பிரச்சாரப் பொருளாகி, தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் உட்பட மூவர் தோற்றார்கள், அவர்களில் இவரும் ஒருவர். பிறகு பாடம் நடத்தப் போய்விட்டார். 2000இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 2023 முதல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஒரு லத்தீனா, பட்ரிசியா கெரேரோ.

ஆவணமில்லாத ஒருவர் அங்கே வக்கீலாகப் பதிவுசெய்ய முடியுமா?

கலிபோர்னியாவில் முடியும். கைக்குழந்தையாகக் கொண்டுவரப்பட்ட செர்ஜியோ கார்சியா தேர்வில் தேறியும் பதிவு கிடைக்காமல் நின்றார். ஒபாமா அரசின் நீதித் துறையே எதிர்த்தது. மாநிலச் சட்டமன்றம் 2013இல் ஒரு சட்டம் இயற்றி வழி திறந்தது, 2014 ஜனவரி 2இல் மாநில உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. பதிவு கிடைத்தாலும் ஒரு நிறுவனம் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கூட்டரசுச் சட்டம் இடம் தரவில்லை என்பது வினோதம். சொந்தமாகத் தொழில் நடத்தலாம்.

நான் சட்ட மாணவி. எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஹெர்னாண்டஸ் தீர்ப்பு சில பக்கங்கள்தான், எளிய ஆங்கிலம். அடிக்குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். அடுத்து பிளைலர், எதிர்த்து எழுதிய நால்வரின் வாதத்தோடு சேர்த்து. பிறகு 2022இன் வயெல்யோ மடேரோ வழக்கு. நியூயார்க்கில் ஊனமுற்றோர் உதவித்தொகை பெற்ற ஒருவர் போர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வாழ்பவர்களுக்கு அந்த உதவி கிடையாது என்று சொல்லி, குடிபெயர்ந்த பிறகு கொடுத்த 28,000 டாலரைத் திருப்பிக் கேட்டது அரசு. 8க்கு 1 என்று அரசு வென்றது. தனியே மாறுபட்டவர் சோட்டோமயோர். அரசுக்குச் சாதகமாக வாக்களித்த நீதிபதி கோர்சச்சோ, அந்தப் பழைய பிரதேசத் தீர்ப்புகள் வெட்கக்கேடானவை, தூக்கியெறிய வேண்டும் என்று தனியே எழுதினார். இதையே பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தவர் போர்ட்டோ ரிக்கோ நீதிபதி ஹுவான் தொருயெயா. அறிஞர், பாய்மரப் படகோட்டியாக நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவரும்கூட. 2020இல் இறந்துவிட்டார். அவருடைய கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு கோர்சச்சுக்கு வந்தால், எந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.